ஞாயிற்றுக்கிழமை யாரும் சாகவில்லை

எனக்குப் பந்து விளையாட வராது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை, பதினோராவது ஆள் கிடைக்காமல், என்னைக் கோல் காக்க நிறுத்தினார்கள். பந்து நேராக என் கைக்கே வந்தது. அதைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் பின்பக்கம் வீசிவிட்டேன். எங்கள் கோலுக்குள் விழுந்தது. என் விளையாட்டு வாழ்க்கை அத்தோடு சரி. பிற்காலத்தில் பத்திரிகையில் ‘உதைபந்தாட்டக் கழகச் செயலாளர் டக்ளஸ்’ என்று என் பெயர் வந்தபோது, என் மனைவி டோரீன் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். கோபித்துக்கொள்ள எனக்கு நியாயம் இருக்கவில்லை.

விசாரணை அதிகாரி அவர்களே, நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். கேள்விகளை வரிசையாகப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வரிசை அவ்வளவாக வராது. மன்னிக்க வேண்டும்.

லிந்துலைக்கு மேலே இருக்கும் மூங்கில்மலைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்துமூன்று வருடமாக மருந்து கொடுக்கிறேன். தோட்டத்தில் எல்லோரும் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பாடத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். அதன் பிறகு தோட்ட மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் போய் ஒரு கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கிக்கொண்டு வந்தேன். டாக்டரய்யா என்று கூப்பிட்டவர்களை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. கூப்பிடுகிற அழகைக் கேட்டால் நீங்களும் திருத்தியிருக்க மாட்டீர்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. லயத்து வீட்டு வரிசையில் ஒருவர் மூச்சு நின்றுபோனால், நான் போய்ப் பார்த்துத் துண்டுச் சீட்டு எழுதும்வரை அது சாவு இல்லை. வீட்டில் அழக்கூட மாட்டார்கள். “டாக்டரய்யா வரட்டும்” என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து, தலையை அசைத்துவிட்டு, துண்டை எழுதி நீட்டினால்தான் முதல் ஒப்பாரி கிளம்பும். அந்தத் துண்டு தோட்ட ஆபீசுக்குப் போகும். குழி வெட்டுகிறவர்களுக்கு அன்றைய நாளுக்குச் சம்பளத்தோடு பேர் போடுவார்கள். தப்புப் பறை அடிக்க ஆள் வரும். வேலை நிற்கும், கல்யாணம் நிற்கும், விளையாட்டும் நிற்கும். இத்தனையும் என் பேனாவில்தான் இருந்தது. உயிரியலில் இரண்டு தரம் தவறியவனுக்கு இது அதிகம்தான்.

இனி அணியைப் பற்றி. மூங்கில்மலை மைதானம் மலைச்சரிவில் இருக்கிறது. ஒரு பக்கக் கோல் மற்றப் பக்கத்தைவிட ஓர் ஆள் உயரம் தாழ்வு. பந்தைத் தூக்கி அடித்தால் அது தேயிலைக்குள் விழுந்து, ஓடை வரைக்கும் உருண்டு போகும். போய் எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் எங்கள் பையன்கள் பந்தைத் தூக்குவதே இல்லை. தரையோடு தரையாக, காலுக்குக் கால் தட்டிக்கொண்டே போவார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இந்த முறையை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கழகத்தின் கொள்கை அது என்று சொன்னேன்.

அந்தக் கொள்கையோடு மாவட்டத்தில் வென்று, மாகாணத்தில் வென்று, போன வருடம் தேசிய லீக்குக்குள் நுழைந்தோம். பன்னிரண்டு அணிகள், இருபத்திரண்டு ஆட்டங்கள், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துப் பையன்கள் மட்டுமே ஆடுகிற ஒரே அணி நாங்கள்தான். கொழுந்து நிறுக்கிறவன், செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், பெக்டரியில் அடுப்பு போடுகிறவன். எங்கள் தோட்டத்தின் பெயர் அதற்கு முன் மூன்று தடவைதான் பத்திரிகையில் வந்திருந்தது. மண் சரிந்தபோது ஒரு தடவை, மின்னல் விழுந்தபோது ஒரு தடவை, குளவி கொட்டிப் பன்னிரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒரு தடவை. இந்த ஒரு பருவத்தில் மட்டும் இருபத்திரண்டு தடவை வந்தது. தோற்ற செய்திதான் அதில் பாதிக்கு மேல். ஆனாலும் யாரும் சாகாமல் எங்கள் பெயர் அச்சில் வந்தது. அதை வெட்டி வெட்டி டிஸ்பென்சரிச் சுவரில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

நான்காவது வாரத்தில் செல்லசாமி என்ற பெரியவர் காலமானார். தொண்ணூறைத் தொட்டவர். சனிக்கிழமை பகல் துண்டு எழுதினேன். மறுநாள் குருநாகலில் எங்களுக்கு ஆட்டம். அணித்தலைவன் ஜீவராஜ் மண்வெட்டியோடு டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றான்.

“நாளைக்கு போகலைங்க டாக்டரய்யா. பசங்க எல்லாரும் குழி வெட்டப் போறோம்.”

“ஜீவராஜ், இது தேசிய லீக்கு. தொண்ணூறு வயசு மனுசன். கல்யாணச் சாவு.”

“இருக்கட்டுங்க. சாவு கெடக்கையில பந்து வெளாண்டா, நாளைக்கு நம்ம வூட்டுச் சாவுக்கு எவன் வருவான்?”

நாங்கள் போகவில்லை. எதிரணிக்கு மூன்று கோல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறு வாரம் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு தடவை வராமல் விட்டால் அணி நீக்கப்படும், ஆடிய ஆட்டங்களும் கணக்கில் எடுக்கப்பட மாட்டா என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் இல்லாவிட்டாலும் நன்றாகவே விளங்கியது.

தோட்டத்தில் முந்நூறு குடும்பம். வயதானவர்கள் ஏராளம். மிச்சம் பதினெட்டு ஞாயிறு. கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் இது விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கு.

ஒன்பதாவது வாரம், சனிக்கிழமை காலை வீரய்யா போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லாதவர். அக்காள் வீட்டில் இருந்தவர். நான் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. குழலை நெஞ்சில் வைத்தேன். சுற்றிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு என் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தலை அசையவில்லை. “நாடி கொஞ்சம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்று ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான் என்பது எனக்கே அரை நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

செத்தவர் கையில் சேலைன் ஏறாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே ஊசியை ஒட்டிவிட்டுக் குழாயைப் பூட்டிவிட்டேன். அவருடைய அக்காள் அந்தப் போத்தலை உயரத் தூக்கிப் பிடித்தபடியே தோட்டத்து லொறியில் பதினைந்து கிலோமீட்டர் போனார். கை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஒருவர் போன் செய்து, இந்த மனிதர் இறந்து பல மணித்தியாலம் ஆகிவிட்டதே, உமக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். “மட்ட தேருனே நெஹே, டொக்டர்” என்றேன். எனக்கு விளங்கவில்லை என்று பொருள். மடையன் என்ற பெயரை நான் சுமப்பது அது முதல் தடவை இல்லை, பாரம் தெரியவில்லை. பரிசோதனை முடிந்து உடல் திங்கட்கிழமைதான் வந்தது. ஞாயிறு ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று சமநிலை. அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் பாத்தீங்க சாமி” என்று அழுதார்.

பதினான்காவது வாரம் மேற்பிரிவில் ஒரு கிழவி, ஞாயிறு விடியற்காலை. இந்தத் தடவை லொறி இல்லை. “இது ஒரு மாதிரி மயக்கம். தொந்தரவு பண்ணக் கூடாது. கதவைச் சாத்தி, காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே இருங்க. சாயங்காலம் வந்து பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு ஹட்டன் மைதானத்துக்குப் போனேன். இரண்டுக்குப் பூச்சியம் வென்றோம். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தேன். மருமகள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு எண்ணெய் செலவாகியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தலையை அசைத்தேன். ஒப்பாரி கிளம்பியது.

லயங்களில் ஒரு பேச்சு பரவியது. டாக்டரய்யா கைராசிக்காரர், அவர் இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயுமுன் ஒரு உயிர் போகாது என்றார்கள். மாதா கோயிலில் பங்குத்தந்தைகூட அதைச் சொல்லிச் சிரித்தார். ஞாயிறு பூசையைத் தவறவிட்டுப் பந்துக்குப் போகிறவனுக்கு இப்படியொரு மகிமை. டோரீன் சிரிக்கவில்லை.

இதுவரை நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். செத்தவரைக் கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதாகச் சொன்னால் யாருக்கு நட்டம்? எங்கள் ஆட்கள் ஆபீசில் எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்றுதான் பதில் கிடைக்கும். நானும் அதைத்தான் சொன்னேன்.

இனி நீங்கள் கேட்ட அம்மாக்கண்ணுவின் விஷயம்.

அம்மாக்கண்ணு ஜீவராஜின் தாய். ஐம்பத்துநான்கு வயது. கொழுந்து எடுத்தே மகனையும் மகள் லோஜினியையும் வளர்த்தவர். அணியின் உடைகளைத் துவைத்துக் கொடுத்ததும் அவர்தான். யாரும் கேட்காமல் தானாக எடுத்துக்கொண்ட வேலை. திங்கட்கிழமைகளில் எங்கள் அணி முழுவதும் தேயிலைச் செடிகளின் மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

கடைசி வாரம் வந்தபோது நாங்கள் பதினோராவது இடத்தில் இருந்தோம். கடைசி இரண்டு அணிகள் வெளியே போக வேண்டும். கொழும்பில் நடக்கும் ஆட்டத்தில் வென்றால் பத்தாவது இடம், அடுத்த வருடமும் லீக்கில் இருக்கலாம். சமநிலை போதாது. ஜீவராஜ் இல்லாமல் வெல்ல முடியாது. அந்தப் பருவத்தில் எங்கள் கோல்களில் பாதிக்கு மேல் அவனுடையவை.

ஞாயிறு விடிந்ததும் பையன்கள், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பஸ்ஸுக்காகக் கூடி நின்றார்கள். நானும் கழகத்துக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு டிஸ்பென்சரியைப் பூட்ட வந்தேன். வாசல் படியில் அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். மூச்சு விட்டால் புகை பறக்கும் அந்தக் குளிரில் அவர் நெற்றி முழுதும் வேர்வை.

“நெஞ்சுல அம்மிய வச்ச மாதிரி இருக்குங்க டாக்டரய்யா. இந்தக் கையும் கொடையுது.”

இடது கையைக் காட்டினார். கண்ணாடியை எடுத்துப் போடுகிற நேரம்கூட எனக்குத் தேவைப்படவில்லை. உயிரியலில் தவறியவனாக இருந்தாலும் இது தெரியாதவன் இல்லை.

“தம்பிகிட்ட சொல்லிராதீங்க. பஸ்ஸு ஏறுற நேரம்” என்றார்.

இதை அவரே சொன்னார். என் வாயில் வந்ததல்ல. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் யாரோ சொல்லி ஜீவராஜ் ஓடி வந்துவிட்டான். தோளில் பை. அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். லயத்துப் பெண்கள் பார்க்கிற அதே பார்வை. என் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று.

“வாய்வுப்பா” என்றேன். “ராத்திரி என்னா சாப்ட்டாங்க?”

“மரவள்ளிக் கெழங்குங்க.”

“அதான். நீ கெளம்பு. நான் கூடவே இருந்து பாத்துக்கிறேன்.”

“நீங்க வரலையா?”

“ஒங்க அம்மாவ விட்டுட்டு வருவேனா?”

அவன் குனிந்து என் காலைத் தொட்டான். பஸ் கிளம்பியது. நான் கழுத்துப்பட்டியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். என் ஆயுளிலேயே பெரிய ஆட்டத்தை நேரில் பார்க்காமல் விட்டவன் நான். விசாரணையில் இதை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

அம்மாக்கண்ணுவைக் கட்டிலில் படுக்கவைத்து, வாய்வுக்குக் குடிக்கும் மருந்தும் ஒரு தூக்க மாத்திரையும் கொடுத்தேன். ஓர் அஸ்பிரின் மாத்திரையையும் மென்று விழுங்கச் சொன்னேன். அதைப் பழக்க தோஷத்தில் மருந்துப் புத்தகத்திலும் எழுதிவிட்டேன். வாய்வுக்கு எதற்கு அஸ்பிரின் என்று நீங்கள் உங்கள் ஆறாவது கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நெஞ்சடைப்பு என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

லோஜினி வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துப் பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள்; எதையும் கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவள். “இலவச அம்புலன்சுக்குப் போன் அடிப்போமா டாக்டரய்யா? இருபது நிமிசத்துல வந்துருமே” என்றாள். அவசரமில்லை, முதலில் தலவாக்கலைக்குப் போய் இந்த மருந்தை வாங்கி வா என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். அதே மருந்து என் அலுமாரியில் ஆறு போத்தல் இருந்தது. பிறகு ஒருநாள் அலுமாரியைச் சுத்தம் செய்ய உதவி கேட்டபோது அவளே அந்த ஆறையும் கண்டுபிடித்தாள். உதவி கேட்டவனும் நான்தான். இப்படியொரு குற்றவாளியை நீங்கள் இதற்கு முன் விசாரித்திருக்க மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசித்தேன். வார்ட்டில் சேர்த்ததும் மகனுக்குப் போன் போகும். பஸ் அப்போது கினிகத்தேனைக்குப் பக்கத்தில். திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருவன் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் பதினெட்டு பேரும் இறங்கிவிடும் அணி அது. இரண்டாவது தடவை. நீக்கம். அத்தோடு எங்கள் பெயர் மறுபடியும் மண்சரிவுக்கும் குளவிக்கும்தான்.

பகல் டோரீன் சோறு கொண்டுவந்தாள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

“இவங்கள ஏன் இன்னும் அனுப்பல?”

“வாய்வு.”

“இருவத்தாறு வருசமா ஒங்க மூஞ்சிய பாக்குறேன். வாய்வுன்னா மூஞ்சி இப்படியா இருக்கும்?”

அம்புலன்சுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன், மலைப் பாதை, வருவதற்கு நேரமாகும் என்று சொன்னேன். அவள் நம்பினாள். புருஷன் சொன்னால் நம்புவது என்ற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது, இப்போது இல்லை. உடப்புசல்லாவையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் போன் செய்தால் தங்கைதான் எடுக்கிறாள்.

லோஜினி மருந்தோடு திரும்பி வந்தபோது அம்மா தூங்குகிறார் என்று சொன்னேன். தூங்கத்தான் செய்தார். மூன்று மணிக்கு அவளைச் சமூக மண்டபத்துக்கு அனுப்பினேன். தோட்டமே அங்கே பெரிய திரை கட்டி ஆட்டம் பார்க்கக் கூடியிருந்தது. “அம்மா எந்திரிச்சா, அண்ணன் எப்படி வெளாண்டுச்சுன்னு நீதான சொல்லணும்” என்றேன். அதற்குமேல் அவள் மறுக்கவில்லை.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. அப்போது பையன்களின் போன்கள் எல்லாம் ஒரு பையில் கட்டப்பட்டு உடைமாற்றும் அறையில் இருந்தன. இனி யாரும் அவர்களைத் திருப்ப முடியாது. அந்த நேரத்தில் அம்மாக்கண்ணுவை அனுப்பியிருக்கலாமே என்பது உங்கள் ஒன்பதாவது கேள்வி. உண்மை. அவர் கண் விழித்திருந்தார்; வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றும் சொன்னார். அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் எத்தனை மணிக்கு வலி வந்தது என்று கேட்பார். விடியற்காலை என்று அவர் சொல்வார். அதுவரை நீர் என்ன செய்தீர் என்று என்னைக் கேட்பார்கள். மறுபடியும் ‘மட்ட தேருனே நெஹே’ என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதன் எத்தனை தடவைதான் மடையனாக முடியும்?

ஆகவே பக்கத்தில் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளை போலப் பக்கத்திலேயே இருந்தேன். போனை மருந்துப் போத்தலில் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டேன். மற்றக் காது நோயாளிக்கு.

ஜீவராஜ் இருபதாவது நிமிடத்தில் முதல் கோலைப் போட்டான். தரையோடு தரையாக ஏழு கால் தட்டி வந்த பந்து. வர்ணனையாளர் மூங்கில்மலை, மூங்கில்மலை என்று எங்கள் பெயரை இரண்டு தரம் சொன்னார். இடைவேளைக்கு முன் அவர்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டாம் பாதியில் இரண்டாவதையும் ஜீவராஜே போட்டான். இரண்டுக்கு ஒன்று. முடிவு விசில் ஊதியபோது ஐந்து மணி இருபத்தொரு நிமிடம். ஐந்தரைக்கு நான் வெளியே வந்து, ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, மண்டபத்திலிருந்து லோஜினியைக் கூட்டிவரச் சொன்னேன். ஒரு பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. துண்டை எழுதினேன். நேரம் என்ற இடத்தில் ஐந்து முப்பது என்று போட்டேன். அது பொய். சரியான நேரம் ஐந்து ஐந்து.

சற்று நேரத்தில் ஜீவராஜ் பஸ்ஸில் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தான். அதைக் கூடப் போன யாரோ நேரலையில் போட்டுவிட்டார்கள். பையன்களின் போன்களைத் திருப்பிக் கொடுத்து, செய்தி போய்ச் சேரும்வரை பதினைந்து நிமிடம் ஆடினான். அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தையும் போனில் பார்த்தார்கள்.

நாங்கள் பத்தாவது இடம். லீக்கில் நிலைத்துவிட்டோம். இந்த வருடப் பதிவுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஜீவராஜ் வீட்டுக்குப் போனேன். அப்போது அலுமாரி விஷயம் வெளியே வந்திருந்தது. அவன் என்னை அடிப்பான் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் அடிக்கவில்லை. “நான் இனி பந்தைத் தொடமாட்டேங்க” என்று மட்டும் சொன்னான். ‘ங்க’ என்று சொன்னான். அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. மற்றப் பையன்களும் ஒருவர் பின் ஒருவராக உடைகளைக் கொண்டுவந்து டிஸ்பென்சரி வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் துவைத்திருக்கவில்லை. பதிவுக்குக் கடைசி நாள் போய்விட்டது. நான் காப்பாற்றிய அணி இப்போது என் ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறது, மூட்டையாக.

நான் செய்ததை ஒரே வரியில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சடைப்பு என்று தெரிந்தும், விடியற்காலையிலிருந்து மாலைவரை, ஒரு பந்தாட்டத்துக்காக அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வைத்திருந்து சாகவிட்டேன். எழுதிப் பார்த்தால் அவ்வளவு நீளம்கூட இல்லை. ஆனால் அவரைத் தனியாக விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

உங்கள் கடைசிக் கேள்வி லோஜினி கேட்டு நீங்கள் சேர்த்தது. அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் எழுதாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

எழுபத்தெட்டாவது நிமிடம். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரமும் சொன்னார். அந்த நேரம் எங்களுக்கு ஒரு கோர்னர் கிடைத்திருந்தது. கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினேன். பந்து வந்தது, ஜீவராஜ் எழும்பித் தலையால் முட்டி அதை உள்ளே அனுப்பினான். திரும்பி, “ஒங்க மகன் போட்டுட்டான்” என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.